தே-14 மாறியதை யாரிடம் சொன்னீர்கள்?

களக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாழைத் தோட்டம். ஏத்தன் வாழை குலை தள்ளுகிற நேரம். நாங்கள் செய்து கொடுத்த ஆட்டோ ஸ்டார்ட்டர் பேனல் மூன்று நாளாக மோட்டாரை ஓடவே விடவில்லை. நான்காம் நாள் காலையில் தோட்டக்கார அண்ணாச்சி பஸ் ஏறி பாளையங்கோட்டைக்கே வந்துவிட்டார். சத்தம் போடவில்லை, அதுதான் எங்களுக்குச் சங்கடமாக இருந்தது. "எங்க லைன்ல வோல்டேஜ் எப்பமும் கம்மிதான்னு அன்னைக்கே சொன்னேம்லா தம்பி" என்றார்.

சொன்னார்தான். எங்கள் எலெக்ட்ரீஷியனிடம் போனில் சொன்னார். அவர் நிரல் எழுதும் பையனிடம் சொன்னார். மின்னழுத்தம் 340 வோல்ட்டுக்குக் கீழே போனால் மோட்டாரை நிறுத்து என்று இருந்ததை அந்தப் பையன் 320 என்று மாற்றினான். அதுவரை சரி. ஆனால் பேனல் என்னென்ன செய்ய வேண்டும் என்ற தேவைப் பட்டியல் இருந்த எக்செல் ஷீட்டில் யாரும் கை வைக்கவில்லை. சோதனை செய்பவர் அந்த ஷீட்டின் பிரின்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கைத் திருகி 330-க்குக் கொண்டுவந்தார். மோட்டார் நிற்கவில்லை. 'தவறு' என்று எழுதினார். நிரல் எழுதியவன் ஊர்க் கோயில் கொடைக்குப் போயிருந்தான். அவன் இடத்தில் உட்கார்ந்தவர் ஷீட்டைப் பார்த்தார், 340 என்று இருந்தது, நிரலைத் 'திருத்தினார்'. பேனல் களக்காடு போய்ச் சேர்ந்தது.

இதில் யாருமே வேலையில் சோம்பல் படவில்லை. நான்கு பேரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். ரெக்வயர்மென்ட் மேனேஜ்மென்ட் (தேவைகளையும் அவற்றின் மாற்றங்களையும் நிர்வகிப்பது) என்ற வறட்டுப் பெயரில் பொறியியல் உலகம் பேசிக்கொண்டிருப்பது இந்தச் சங்கடத்தைத்தான். அதற்கென்று விற்கிற மென்பொருள்களில் எதை எடுப்பது, எதை விடுவது என்று இந்தப் பக்கத்தில் சிறு பட்டறை, சிறு நிறுவனம் நடத்துகிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. முன்பு பெங்களூரில் விமான உதிரிபாக வேலையில் இந்தக் கருவிகளோடு சில வருடம் மல்லுக்கட்டியவன் என்பதால் கேட்கிறார்கள்.

முதலில் 'தேவை' என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். "கரண்டு வந்தா மோட்டார் தானா ஓடணும்" என்று அண்ணாச்சி சொன்னது ஆசை. விவசாய லைனில் மும்முனை மின்சாரம் வந்த நிமிடத்தில் அந்த லைனில் இருக்கிற எல்லா ஆட்டோ ஸ்டார்ட்டரும் ஒரே நேரத்தில் மோட்டாரைக் கிளப்பினால், மின்னழுத்தம் பொத்தென்று விழும், எல்லா மோட்டாரும் நிற்கும், மறுபடி எல்லாம் சேர்ந்து கிளம்பும். ஆகவே அந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்தால் பல தேவைகள் வருகின்றன. மின்சாரம் வந்த பிறகு இத்தனை நொடி பொறுத்துக் கிளம்ப வேண்டும். அப்படிப் பொறுக்கும் நேரம் பேனலுக்குப் பேனல் மாற வேண்டும். மின்னழுத்தம் இந்த அளவுக்குக் கீழே இருந்தால் கிளம்பக் கூடாது. கிணற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் நிற்க வேண்டும். ஒரு ஃபேஸ் போனாலும் நிற்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஓர் அளவு, அதைச் சோதிக்கும் வழி. எங்கள் பட்டியலில் மின்னழுத்த வரம்புக்கு எண் தே-14. அதைச் சோதிக்கும் படி சோ-22. இவை இரண்டுக்கும் நடுவே உள்ள கயிறுதான் ட்ரேசபிலிட்டி. அந்தக் கயிறு எங்களிடம் எக்செல்லில் ஒரு நெடுவரிசையாக இருந்தது. ஆனால் ஒரு முனையை இழுத்தால் மறுமுனையில் மணி அடிக்கவில்லை.

எழுதும் முறையைப் பற்றியும் இங்கேயே ஒரு வார்த்தை. 2009-இல் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் ஆலிஸ்டர் மேவினும் அவருடன் இருந்தவர்களும் 'இயர்ஸ்' என்ற எழுத்துமுறையை வெளியிட்டார்கள். விமான எஞ்சின் கட்டுப்பாட்டுக்கான தேவைகளைக் குழப்பமில்லாமல் எழுத உண்டாக்கியது. நிபந்தனையை முதலில் சொல், பிறகு யார் என்ன செய்ய வேண்டும் என்று சொல். அவ்வளவுதான் அதன் சாரம். ஆங்கிலத்தில் இதை வகுப்பெடுத்துச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. தமிழில் வாக்கியமே அப்படித்தான் வந்து விழும்: "மின்னழுத்தம் 320 வோல்ட்டுக்குக் கீழே 5 நொடி தொடர்ந்து இருந்தால், பேனல் மோட்டாரை நிறுத்த வேண்டும்." ஒரு சிக்கல் உண்டு. வழக்கமாக நடப்பதற்கும் நடக்கக்கூடாதது நடந்தால் என்பதற்கும் நாம் ஒரே '-ஆல்' போட்டுவிடுகிறோம். நாங்கள் முதல் வகைக்கு 'போது' என்றும் கோளாறுக்கு மட்டும் 'ஆல்' என்றும் பிரித்து வைத்திருக்கிறோம். நல்ல வாக்கியம் எழுதத் தெரியாத குழுவுக்கு எந்தக் கருவியும் உதவாது. குப்பையை எண் போட்டு அடுக்கித் தரும், அவ்வளவே.

சின்னப் பேனலுக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். பெரிய இடத்திலும் இதே கதைதான். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம் சுமார் 40 நொடியில் சிதறி முடிந்தது. திசையறியும் கருவியின் மென்பொருளை ஏரியான் 4-இலிருந்து அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு சீரமைப்பு வேலை, ராக்கெட் கிளம்பிய பிறகும் ஏறக்குறைய 40 நொடி ஓடிக்கொண்டிருக்கும். கவுன்ட் டவுன் நின்று மறுபடி தொடங்கினால் நேரம் மிச்சமாகும் என்பதற்காகப் பழைய ராக்கெட்டுக்கு இருந்த தேவை அது. புதிய ராக்கெட்டுக்கு அந்தத் தேவையே இல்லை. புதியது கிடைமட்டத்தில் இன்னும் வேகமாகப் போனது. அந்த எண் 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை. பிரதான கணினியும் மாற்றுக் கணினியும் ஒரே காரணத்தால் கண்ணை மூடிக்கொண்டன. விசாரணைக் குழு அறிக்கையில் என்னை உறுத்துவது வேறொன்று: அந்தக் கருவிக்கான தேவை ஆவணத்தில் ஏரியான் 5-இன் பாதை விவரம் சேர்க்கப்படவே இல்லை. சோதித்தவர்கள் பட்டியலில் உள்ளதைச் சோதித்தார்கள்; எங்கள் ஆள் 330-இல் சோதித்தது போல.

நாகர்கோவில் சாலையில் காவல்கிணறு பக்கம் போகும்போதெல்லாம் இது ஞாபகம் வரும். அங்கே மகேந்திரகிரி அடிவாரத்தில் இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில் சோதிக்கப்படுகிற விகாஸ் எஞ்சின், ஏரியான் 4 வரை அந்த ராக்கெட்டுகளைத் தூக்கிய வைக்கிங் எஞ்சினின் தொழில்நுட்பத்திலிருந்து வந்தது. தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கடைத்தெருவுக்கு வருவோம்.

எல்லோரும் தொடங்குவது எக்செல்லில். அதை ஏளனம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஐம்பது தேவை, மூன்று பேர், ஒரே அறை என்றால் எக்செல் போதும். உடைவது எங்கே என்றால், ஒரே கோப்புக்கு இரண்டு பிரதி உண்டாகும் நாளில். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் அண்ணன் பார்த்தது' என்று மூன்று கோப்பு ஒரே வாட்ஸ்அப் குழுவில் கிடந்த காலம் எங்களுக்கு உண்டு. இன்னொரு தொல்லை, எக்செல் தன்னிச்சையாகத் திருத்துவது. தேவை எண்ணை 3-10 என்று தட்டினால் அதைத் தேதியாக்கிவிடும். மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றித் தொலைத்ததால், 2020-இல் மரபணுப் பெயர்க் குழுவினர் சில மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டி வந்தது. உலகத்து உயிரியலாளர்களே மல்லுக்கட்ட முடியாமல் வழிவிட்ட இடம் இது. எங்கள் எண்கள் 'தே' என்று தொடங்குவதற்கும் அதுதான் காரணம்.

அடுத்து ஜிரா, ரெட்மைன் மாதிரியான டிக்கெட் மென்பொருள்கள். டிக்கெட் என்றால் செய்ய வேண்டிய ஒரு வேலைக்கான சீட்டு. ஏற்கெனவே அலுவலகத்தில் இருக்கிறதே, அதிலேயே தேவைகளையும் போட்டுவிடலாம் என்று தோன்றும். தோன்றத்தான் செய்யும். ஆனால் டிக்கெட்டுக்கும் தேவைக்கும் சுபாவம் வேறு. டிக்கெட் மூடப்படுவதற்காகத் திறக்கப்படுகிறது. தேவை மூடப்படுவதே இல்லை. பேனல் தோட்டத்தில் இருக்கிற வரைக்கும் தே-14 உயிரோடு இருக்கும். டிக்கெட்டில் "வரம்பை 320 ஆக்கு" என்று எழுதி, வேலை முடிந்ததும் மூடிவிடுவோம். இரண்டு வருடம் கழித்து இன்றைய வரம்பு என்ன என்று கேட்டால், மூடிய டிக்கெட்டுகளைத் தோண்டி, மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக் கழித்துச் சொல்ல வேண்டும். ஜிராவுக்குத் துணை நிரல்கள் இருக்கின்றன, அவற்றைப் போட்டால் இந்தக் குறை பெருமளவு தீரும். அப்புறம் துணை நிரலுக்கும் சந்தா, அதன் கம்பெனி நிலைக்க வேண்டுமே என்ற கவலை. 2024 பிப்ரவரியில் நம் சொந்த சர்வரில் ஓடும் ஜிராவின் 'சர்வர்' பதிப்புக்கு ஆதரவு நிறுத்தப்பட்டது. அதை நம்பியிருந்தவர்கள் கிளவுடுக்கோ, பெரிய நிறுவனங்களுக்கான விலை கூடிய பதிப்புக்கோ மாற வேண்டியிருந்தது. கருவியை நாம் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைக்கிறோம். பாதித் தேர்வு விற்பவர் கையில்.

மூன்றாவது, இதற்கென்றே பிறந்த பெரிய கருவிகள். மூத்தது டோர்ஸ். ஆக்ஸ்ஃபோர்டில் க்யூ.எஸ்.எஸ். என்ற நிறுவனம் உருவாக்கியது. 2000-இல் டெலிலாஜிக், 2008-இல் ஐ.பி.எம். என்று கை மாறியது. விமானம், பாதுகாப்பு, கார் என்று எங்கே போனாலும் அதன் நிழல் இருக்கும். பழைய டோர்ஸ் வேறு, உலாவியில் ஓடும் டோர்ஸ் நெக்ஸ்ட் வேறு. பெயர் ஒன்று என்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது சுலபம் என்று எண்ணிவிடாதீர்கள். ஜாமா, சீமென்ஸின் பொலாரியன், 2022-இல் பி.டி.சி. வாங்கிய கோட்பீமர் ஆகியவை மற்றவை. இவை எல்லாவற்றிலும் அந்த மணி உண்டு: தே-14-ஐ மாற்றினால், அதோடு கட்டப்பட்ட சோ-22 'சந்தேகத்துக்குரியது' என்று அடையாளம் பெறும், ஒருவர் பார்த்து, சரி என்று ஒப்புக்கொள்கிற வரை அந்த அடையாளம் போகாது. இன்னொரு வசதி பேஸ்லைன். குறிப்பிட்ட நாளில் பட்டியல் எப்படி இருந்ததோ அப்படியே உறைய வைப்பது. பத்தமடையில் கல்யாணப் பட்டுப்பாய்க்குச் சொன்னால், மணமக்கள் பெயரையும் தேதியையும் எழுதி வாங்கிக்கொள்வார்கள். நெய்து முடித்த பிறகு மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் இன்னோர் இனிஷியல் என்று போய் நின்றால், அந்தச் சீட்டை எடுத்துக் காட்டுவார்கள். அந்தச் சீட்டுதான் பேஸ்லைன்.

விமான மென்பொருளுக்கான டி.ஓ-178சி, கார்களுக்கான ஐ.எஸ்.ஓ 26262 ஆகிய தரங்களின் கீழ் வேலை செய்கிறவர்களுக்கு, தேவையிலிருந்து சோதனைக்கும் சோதனையிலிருந்து தேவைக்கும் இரு பக்கமும் கயிறு இருப்பதைத் தணிக்கையாளருக்குக் காட்டியாக வேண்டும். அவர்களுக்குப் பெரிய கருவி பெரும்பாலும் நியாயமான செலவு. அநேகமாக வாடிக்கையாளரே இன்னதுதான் என்று சொல்லிவிடுவார், பேச்சே இல்லை. மற்றவர்கள் இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். லைசென்ஸ் விலை கண்ணுக்குத் தெரியும். அதை நிர்வகிக்க ஓர் ஆள் பாதி நேரம் உட்கார வேண்டும் என்பது தெரியாது. பெங்களூரில் நான் இருந்த ஒரு நிறுவனத்தில் ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் நுழையலாம் என்ற வகை லைசென்ஸ். காலையில் வந்ததும் ஐந்தாறு பேர் உள்ளே நுழைந்து, வெளியேறாமல் டீ குடிக்கப் போய்விடுவார்கள். வேலை இருப்பவன் வாசலில் நிற்பான். கடைசியில் அவன் என்ன செய்வான்? எக்செல்லில் இறக்கி வைத்துக்கொள்வான். கோடிக்கணக்கில் கொட்டி வாங்கிய கருவியின் முற்றத்திலேயே மறுபடி 'ஃபைனல் புதுசு' முளைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான்காவது வழி, தேவைகளைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாக வைத்து, நிரலோடு சேர்த்து கிட்டில் (Git) போட்டுவிடுவது. கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்து வைக்கிற மென்பொருள் அது. டோர்ஸ்டாப், ஸ்ட்ரிக்ட்டாக், ஸ்ஃபிங்க்ஸ் நீட்ஸ் மூன்றும் இந்த ஜாதி. மூன்றும் இலவசம், மூல நிரல் திறந்தது. டோர்ஸ்டாப்பில் ஒரு தேவைக்கு ஒரு குட்டிக் கோப்பு. ஒரு தேவையோடு இன்னொன்றை இணைத்தால், அந்த நேரத்து வாசகத்தின் கைரேகை மாதிரி ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளும். வாசகம் மாறினால் கைரேகை பொருந்தாது. இணைப்பு சந்தேகத்துக்குரியது என்று கத்தும். யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்பது கிட்டின் வரலாற்றில் தானாகவே கிடக்கும். குறை என்ன? நிரல் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே இது இனிக்கும். எலெக்ட்ரீஷியனையும் கணக்குப் பார்க்கிற அக்காவையும் கிட் கற்றுக்கொள்ளச் சொன்னால் வேலையை விட்டுப் போய்விடுவார்கள்.

பிரசுரங்கள் சொல்லாத இரண்டு விஷயம். ஒன்று தமிழ். எங்கள் வாடிக்கையாளர்களின் தேவை தமிழில் வருகிறது. அதை ஆங்கிலமாக்கி உள்ளே போடும்போது பாதி அர்த்தம் வாசலில் நின்றுவிடுகிறது. தமிழிலேயே போடலாம் என்றால், திரையில் அழகாகத் தெரிகிற கருவி பி.டி.எஃப். எடுக்கும்போது கொம்பையும் காலையும் இடம் மாற்றி உதறிவிடும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டப்பட்ட ஆவணத்திலிருந்து ஒட்டினால் கிறுக்கல்தான் வரும். ஆகவே சோதித்துப் பார்க்கும்போது 'கொடுக்கும்', 'கைப்பம்பு' மாதிரி சொற்களைப் போட்டு அச்செடுத்துப் பாருங்கள்.

மற்றது, தகவல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் சர்வர் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த பழைய டெஸ்க்டாப் தரையிலிருந்து ஒரு ஜாண் உயரப் பலகையில் இருந்தது. தண்ணீர் ஒன்றரை ஜாண் வந்தது. கிளவுடில் வைத்திருந்த நண்பருக்கு எதுவும் அழியவில்லை, ஆனால் கரண்டும் நெட்டும் இல்லாத நாட்களில் எதையும் பார்க்கவும் முடியவில்லை. எங்களைக் காப்பாற்றியது ஒருவனுடைய மடிக்கணினி. கிட்டில் ஒவ்வொருவரிடமும் முழுப் பிரதி இருக்கும் என்பதன் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெளியேறும் வழியையும் நுழையும் முன்பே பார்த்துவிட வேண்டும். ரெக்இஃப் என்ற பொதுப் பரிமாற்ற வடிவம் இருக்கிறது. ஜெர்மன் கார் நிறுவனங்களின் முயற்சியில் தொடங்கி, 2011-இல், மென்பொருள் தரங்களை வகுக்கும் ஓ.எம்.ஜி. அமைப்பின் தரமானது. தேவை வாசகம், அதன் பண்புகள், இணைப்புகள் இவற்றை ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துப் போகலாம். பழைய மாற்றங்களின் வரலாறு முழுதும் கூடவே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். விற்பனையாளர் "ரெக்இஃப் உண்டு சார்" என்றால், சரி, இப்போதே ஒன்றை எடுத்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

ஒப்பீட்டு அட்டவணை போட்டு, அம்சத்துக்கு அம்சம் டிக் அடித்துக் கருவி தேர்ந்தெடுப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. எல்லாக் கருவியும் எல்லா டிக்கும் வாங்கிவிடும். அதற்குப் பதில், உங்கள் இடத்தில் ஒரு மாற்றம் எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது என்று ஒரு மாதம் கவனியுங்கள். நாங்கள் கவனித்தபோது தெரிந்தது: பெரும்பாலான மாற்றங்கள் எலெக்ட்ரீஷியனின் போனுக்கு, வாட்ஸ்அப் குரல் பதிவாக வருகின்றன. அந்த வாசலில் ஆள் இல்லாமல் எந்தக் கருவியை வீட்டுக்குள் வைத்தாலும் பயனில்லை.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை, தேர்வில் இருந்த மூன்று கருவியிலும் எங்களுடைய சொந்தத் தேவைகள் நாற்பதையும் சோதனைகள் இருபத்தைந்தையும் ஏற்றினோம். டெமோவில் காட்டுகிற கார் உதாரணம் நமக்கு வேண்டாம். பிறகு களக்காட்டுக் கதையை மறுபடி நடத்தினோம். எலெக்ட்ரீஷியன் வாசலில் நின்று, "அண்ணாச்சி 320-ன்னு சொல்லிட்டாரு" என்று சொன்னார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டோம். பட்டியலில் 320 ஏற எவ்வளவு நேரம்? சோதனைக்காரருக்கு யாரும் போய்ச் சொல்லாமலேயே தகவல் தெரிந்ததா? முந்தைய அளவு என்ன, யார் மாற்றச் சொன்னது என்று ஒரு மாதம் கழித்து வருகிற புது ஆள் கண்டுபிடிக்க முடியுமா? ஏற்கெனவே விற்ற பேனல்களில் எவை 340, எவை 320 என்று பிரித்துச் சொல்ல முடியுமா? ஒரு கருவியில் எல்லாம் முடிந்தது, ஆனால் முதல் படிக்கே எலெக்ட்ரீஷியன் ஒன்பது பொத்தான் அழுத்த வேண்டியிருந்தது. அவர் ஐந்தாவதில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அந்தக் கருவி வெளியே போய்விட்டது.

கடைசியில் டோர்ஸ்டாப்பை எடுத்தோம். எங்களைப் போல ஏழு பேர் இருக்கிற இடத்துக்கு, அதிலும் மூன்று பேர் நிரல் எழுதுகிறவர்கள் என்ற நிலைக்கு, அது பொருந்தியது; இருபது பேரும் ஒரு தணிக்கையாளரும் இருந்திருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பேன். எலெக்ட்ரீஷியன் கிட்டைத் தொடுவதில்லை. குரல் பதிவை அப்படியே ஒரு குழுவுக்கு அனுப்புகிறார். கணக்குப் பார்க்கிற அக்கா அதற்கு எண் போட்டு நோட்டில் எழுதுகிறார். மாலை ஐந்து மணிக்கு ஒருவன் நோட்டைப் பார்த்துக் கோப்பில் ஏற்றுகிறான். கோப்பில் ஏறாத எந்த மாற்றத்தையும் நிரலில் செய்யக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பு. பேனலோடு தமிழில் அச்சடித்த ஒரு தாளும் போகிறது. எண்களோடு தேவைகள், கீழே வாங்குகிறவர் கையெழுத்து.

போன மாதம் களக்காட்டு அண்ணாச்சி மறுபடி போன் பண்ணினார். பக்கத்தில் புது டிரான்ஸ்ஃபார்மர் வைத்துவிட்டார்களாம், வோல்டேஜ் நன்றாக வருகிறதாம். "அந்தப் பதினாலாம் நம்பரை மறுபடி 340 ஆக்கிருங்க தம்பி" என்றார். மாலை ஐந்தரைக்கு சோ-22 சந்தேகத்துக்குரியது என்று திரையில் வந்து நின்றது. சோதனைக்காரர் வேரியாக்கைத் தேடிப் போனார்.